மெதுவாக நிரப்பியவர்கள்

நந்தகோபாலின் பேச்சைப் பிடுங்குவதற்காகச் சாருமதி மூன்று வருடம் காத்திருந்தாள். சும்மா மூலையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. அவருடைய நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அவர் கையால் பதவி உயர்வு வாங்கி, அவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிக் காத்திருந்தாள். இவ்வளவு பொறுமை உள்ள ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நல்ல பெண், அதிர்ந்து பேசாது என்று அலுவலகத்தில் பெயர் வேறு வாங்கியிருந்தாள்.

நிறுவனத்தின் பெயர் நாவகம். கோவை சரவணம்பட்டியில், ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். பேச்சுவில்லை செய்கிறவர்கள். ஒற்றை ரூபாய் அளவுக்கு ஒரு வில்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கும், புற்றுநோயில் குரல்வளையை எடுத்தவர்களுக்கும் அதுதான் வாய். ஆள் நினைப்பதை அது பிடித்து, சட்டைப் பையில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி வழியாகச் சொல்லும். வைத்த அன்றே சொல்லிவிடாது. இன்ன நினைப்புக்கு இன்ன சொல் என்று ஆளோடு பழகிப் பழகி, வருடக்கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டும்.

சாருமதியின் கணவன் பஞ்சலிங்கத்துக்கு அந்த வில்லை ஆறு வருடம் பேசியது. தாத்தா பெயரை வைத்துக்கொண்டு தாத்தாவின் தக்காளி மண்டியிலேயே ஏலம் கூறிக்கொண்டிருந்தவன். அவன் வாய்க்குப் பயப்படாத தரகர் உக்கடத்தில் கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சோடு எழுத்தும் போனது. எழுத்து திரும்பவில்லை, பேச்சை வில்லை மீட்டுக் கொடுத்தது. மண்டிப் பேச்சையே அது கற்றுக்கொண்டதால், சாருமதியின் அம்மா வந்திருக்கும் நாட்களில் ஒலிபெருக்கியை அணைத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு வருடமும் வீட்டில் சண்டைக்கும் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

அப்புறம் இரண்டாம் பதிப்பு வந்தது. வில்லைக்குள் இருக்கும் இயங்குதளத்தை மாற்றி, புதியதை நிறுவ வேண்டும். கைக்கணினியில் நாலைந்து திரைகள். யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். நானே செய்வேன் என்று பஞ்சலிங்கம் அடம் பிடித்தான். நிறுவலாம் என்று முதல் திரையில் சம்மதம் கொடுத்துவிட்டு, பெயர், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று ஒவ்வொன்றையும் சாருமதி எழுதிக் காட்ட, அதைப் பார்த்து இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நிரப்பினான். கடைசித் திரையில் ஒரு கேள்வி. கற்ற சொற்களை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். அவன் அழுத்தினான். வில்லை திரும்ப விழித்தபோது அதற்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பத்திருபது மரியாதை வாக்கியங்களைத் தவிர.

"சார் தெரியாம 'அழி'யத் தொட்டிருப்பாருங்க மேடம்," என்று தொலைபேசியில் ஒரு பெண் இரக்கத்தோடு சொன்னாள்.

மறுபடி கற்றுக்கொள்ளுமா என்று மருத்துவரைக் கேட்டார்கள். யார் மூளையும் ஒரு தடவைதான் இப்படிப் பழகும், இரண்டாம் தடவை கஷ்டம் என்றார். கஷ்டம் என்றால் நடக்காது என்று அர்த்தம். மண்டியையே மிரட்டியவன் இப்போது கோபம் வந்தாலும் 'தயவுசெய்து' என்கிறான், காலை இடித்துக்கொண்டாலும் 'மிக்க நன்றி' என்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் சாருமதிக்கு யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல இருக்கும்.

யாரை என்று தெரிந்துகொள்ளத்தான் நாவகத்தில் சேர்ந்தாள். அவளும் மென்பொருள்காரிதான், வேலை கிடைப்பது பெரிய காரியமாக இல்லை. சேர்ந்த முதல் மாதமே இரண்டாம் பதிப்பின் நிறுவியை, அதை வில்லையில் நிறுவித் தரும் நிரலைத் தேடி எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. முதல் திரையில் சம்மதம் கிடைத்ததுமே அது பின்னணியில் பழைய இயங்குதளத்தை அழிக்க ஆரம்பித்து, அது முடிந்ததும் சொற்களுக்கும் போய்விடுகிறது. பெயரும் ரத்த வகையும் நிரப்புகிற நேரத்தை வீணாக்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மளமளவென்று நிரப்புகிறவன் கடைசிக் கேள்விக்கு வரும்போது சொற்கள் பத்திரமாக இருக்கும். மெதுவாக நிரப்புகிறவன் வந்து சேரும்போது எல்லாம் போயிருக்கும். அதற்கப்புறம் அவன் எதை அழுத்தினால் என்ன? அழித்துவிட்டுக் கேட்கிற அந்த வரிசைக்கு அனுமதி கொடுத்தவர் நந்தகோபால். நிறுவனத்தைத் தொடங்கியவர், நிறுவியின் திரைகளை அந்தக் காலத்தில் தானே வரைந்தவர்.

வழக்குப் போட்டிருக்கலாம். போட்டால் நஷ்ட ஈடு வரும். நஷ்ட ஈடு வாயைத் திறந்து பேசாது. அவளுக்கு வேண்டியது வேறு. நந்தகோபாலும் வில்லைக்காரர். குரல்வளையை எடுத்த பிறகு, தன் பேச்சுக்காகத்தான் இந்த நிறுவனத்தையே தொடங்கினார். அந்தப் பேச்சு போக வேண்டும். அதே வழியில் போக வேண்டும். போன பிறகு யாராவது இரக்கத்தோடு, சார் தெரியாம 'அழி'யத் தொட்டிருப்பீங்க என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பதிப்பு தயாரானபோது நிறுவிக் குழுவுக்கு அவளே தலைவி. வெளியீட்டு விழாவில், மேடையில், எல்லார் முன்னாலும் நந்தகோபால் தன் வில்லையிலேயே புதிய பதிப்பை நிறுவிக் காட்டுவதாக முடிவாகியிருந்தது. இரண்டாம் பதிப்பில் 'தவறுதலாக' சொற்களை இழந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு போயிருந்தது. அவர்களுக்குப் புது வில்லை இலவசமாம். பெரிய மனசு.

புது நிறுவியில் அவள் ஒரு திரை சேர்த்திருந்தாள். முதலில் வில்லையைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும். பிறகு கேட்கும். கேட்டு முடித்த பிறகுதான் எதையும் தொடும். இதனால் பத்து நிமிடம் கூடுதலாகும். நந்தகோபால் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது ஆச்சரியம். எல்லாருக்கும் இந்த ஒழுங்கான வரிசை. அவருடைய வில்லைக்கு மட்டும், பழைய வரிசை. மேடை என்பதால் நிதானமாக நிரப்புவார்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், ஒத்திகைக்காக அவர் அறையில் அவருடைய வில்லையைத் தன் மடிக்கணினியோடு இணைத்தாள். ஒத்திகை ஒரு சாக்கு. எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பதினைந்து வருடப் பேச்சு. லட்சம் சொல்லாவது இருக்கும்.

கற்ற சொற்கள் இல்லை என்று காட்டியது திரை.

தன் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். இல்லை. கடைசியாக அழிக்கப்பட்ட தேதியையும் திரை சொன்னது. இரண்டாம் பதிப்பு வெளியாவதற்கு முந்தின மாதம்.

"சார், உங்க வில்லை காலியா இருக்குதுங்களே."

அவர் திடுக்கிடவில்லை. கைப்பேசியை எடுத்துத் தட்டினார். அவர் தட்டியதை ஒலிபெருக்கி படித்தது.

"கதவைச் சாத்துங்கள் சாருமதி."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் உறைத்தது. கூட்டங்களில் யார் என்ன கேட்டாலும், நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்பார். பெரிய மனிதர், யோசித்துத்தான் பேசுவார் என்று ஏழு மாடியும் நம்பியது. யோசித்ததெல்லாம் இல்லை, வீட்டுக்குப் போய்ப் பதிலைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எப்புடிங்க சார் போச்சு?"

"வெளியிடுவதற்கு முன் என்மேலேயே போட்டுப் பார்த்தேன். பேரன் மடியில் இருந்தான். அவனோடு விளையாடிக்கொண்டே மெதுவாக நிரப்பினேன்."

"நம்ம டெஸ்டிங் டீம்ல ஒருத்தருக்குமே வரலீங்களே?"

"அவர்கள் எல்லாரும் புது வில்லையில் போட்டுப் பார்த்தார்கள். காலி வில்லையை அழித்தால் யாருக்குத் தெரியும்? எல்லாம் சின்னப் பிள்ளைகள். கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே சார்." அவள் குரல் அவளை மீறி உயர்ந்தது.

அவர் வெகுநேரம் தட்டினார். "என் விரல்தான் தவறி 'அழி'மேல் பட்டுவிட்டது என்று நினைத்தேன். நானே வரைந்த திரையில் நானே தப்பாக அழுத்திவிட்டேன். இதைப் போய் யாரிடம் சொல்வது? வெட்கமாக இருந்தது."

"அப்பறம் எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"முதல் புகார்கள் வந்தபோது. உடனே அந்த நிறுவியை நிறுத்திவிட்டேன். அதற்குள் போனவர்களுக்குப் போனதுதான். உண்மையைச் சொன்னால் மட்டும் சொற்கள் திரும்பி வந்துவிடுமா என்று விட்டுவிட்டேன். எனக்கு ஆறு மாதத்தில் தட்டுவது பழகிவிட்டது. அவர்களுக்கும் பழகிவிடும் என்று நினைத்தேன்."

"பக்கவாதம் வந்தவங்களுக்கு எழுத்தும் போயிருக்குமுங்க சார்."

அவர் தட்டத் தொடங்கியதை அழித்துவிட்டார்.

"எதுக்குங்க சார் அப்புடியொரு வரிசை வெச்சீங்க? கேட்டுப்போட்டு அழிச்சா ஆகாதுங்களா?"

"முதல் பதிப்பில் அப்படித்தான் வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் பேச்சில்லாமல் உட்கார முடியாமல், மிரண்டுபோய்ப் பாதியில் இணைப்பைப் பிடுங்கிவிட்டு எழுந்தார்கள். பாதியில் நின்ற வில்லை சூடேறி ஒரு அம்மாவுக்குக் காது வெந்துவிட்டது. பழையதையும் புதியதையும் சேர்த்து வைக்க வில்லையில் இடமில்லை. கேள்வி கேட்கும் நேரத்திலேயே வேலையை ஆரம்பித்தால் பத்து நிமிடம் மிச்சம். அன்றைக்கு அது இரக்கமாகத்தான் தெரிந்தது."

பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே ஆத்திரம் இன்னும் பொங்கியது. சுவரில் கன்னம் வைத்து உள்ளே நுழைந்த திருடனுக்கு வீடு காலியாக இருந்தால் எப்படி இருக்கும்? மூன்று வருடம் கேக் தின்று, கைதட்டி, கடைசியில் பிடுங்குவதற்கு இந்த ஆளிடம் ஒன்றுமே இல்லை. தனக்கு முன்னால் இவரே இவரைப் பழி வாங்கிவிட்டு, அதையும் மறைத்து வைத்திருக்கிறார்.

"நாளைக்கு மேடையில், வில்லையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அந்தத் திரை மட்டும் வேண்டாம்," என்றது ஒலிபெருக்கி. "காட்டு, மறை என்று இரண்டு பொத்தான் வையுங்கள். நான் மறையை அழுத்திவிடுகிறேன். உங்களை நம்புகிறேன்."

"வெக்கறனுங்க சார்," என்றாள் சாருமதி.

வீட்டுக்குப் போனதும் பஞ்சலிங்கத்தின் எதிரில் உட்கார்ந்தாள். டி.வி.யை அணைத்தாள். மூன்று வருடமாகக் கேட்காத ஒன்றை அன்றுதான் கேட்டாள்.

"மாமா, உங்க வெரலு தப்பாப் பட்டுத்தான் எல்லாம் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தீங்களா?"

அவன் முகம் சுருங்கியது. இடது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

"இல்லீங் மாமா. நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க. கேக்கறதுக்கு முன்னாடியே அது அழிச்சுப்போட்டுது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவன் அழுதான். வில்லை வழியாக இல்லாமல் தொண்டையிலிருந்து, கரகரவென்று வந்தது அழுகை. அவள் அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இது அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க அவனிடம் சொல் இல்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் அவிநாசி சாலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகள் முழுக்க அழைப்பு வந்தவர்கள். பேச்சை இழந்தவர்களும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும். ஓரத்து நாற்காலியில் பஞ்சலிங்கம். மேடையில் நந்தகோபால் முன்கூட்டித் தட்டி வைத்திருந்த வரவேற்புரை அழகாக ஒலித்து முடிந்தது. அவருடைய கைப்பேசி சாருமதியிடம் இருந்தது; இணைப்புக்கு வேண்டும் என்று அவள்தான் வாங்கி வைத்திருந்தாள்.

அவர் எதிரில் இருந்த கைக்கணினியில் இரண்டு பொத்தான்கள் வந்தன. காட்டு. மறை. அவர் நிதானமாக மறையை அழுத்தினார்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் எதுவும் கிடையாது. வில்லையை இணைத்த கணமே அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய திரைக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. பொத்தான் வெறும் படம். நேரத்தை மிச்சப்படுத்தக் கேட்பதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவது அவர் கற்றுக் கொடுத்த முறைதானே.

ஓர் ஆள் உயர எழுத்தில் திரை சொன்னது: இந்த வில்லையில் கற்ற சொற்கள் இல்லை. பயனரைக் கேட்பதற்கு முன்பே அழிக்கப்பட்டன. கீழே தேதி.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. யாரோ சத்தமாகப் படித்தார்கள். நந்தகோபால் திரும்பிப் பார்க்கவும், தட்டி வைத்திருந்த அடுத்த வாக்கியம் தன்பாட்டுக்கு, இந்த மகிழ்ச்சியான தருணத்தில் என்று ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி அணைத்தார். சாருமதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. மூன்று வருடக் கசப்புக்கு அந்த ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தாள்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணுமுங்க. என்ற சம்சாரத்துக்கு அந்தப் பொத்தானை அமுக்குனது எம் மருமக பிருந்தாதானுங்க. அவ தப்பா அமுக்கித்தான் பேச்சே போச்சுன்னு சொல்லி, கொழந்தையோட அவள ஊட்ட உட்டு அனுப்பிச்சுப்போட்டமுங்க. பையனும் போய்ப் பாக்கறதில்ல. இப்ப இங்க, கேக்கறதுக்கு முன்னாடியேன்னு போட்டிருக்குதே." திரையைக் கைகாட்டினார். "அப்ப அவ சரியாத்தான் அமுக்குனாளுங்களா?"

நந்தகோபாலிடம் இதற்குத் தட்டி வைத்த பதில் இல்லை. கைப்பேசிக்காகச் சாருமதியைப் பார்த்தார். கொடுக்காமல் இருந்தால் அவர் அப்படியே வாயடைத்து நிற்பார், பஞ்சலிங்கம் நின்ற மாதிரி. அதைப் பார்க்கத்தானே இவ்வளவும்? ஆனால் பெரியவரும் நின்றுகொண்டிருந்தார். அவள் மேடையேறி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நந்தகோபாலை உட்காரவைத்து, ஒலிபெருக்கியை மறுபடி முடுக்கி, கைப்பேசியை அவர் கையில் திணித்தாள்.

"பதில் சொல்லுங்க சார். எவ்வளவு மெதுவா வேணாலும் தட்டுங்க. இருக்கறோம்."

அவர் தட்டினார். மண்டபம் பொறுத்திருந்தது. ஒலிபெருக்கி சொன்னது: "உங்கள் மருமகள் சரியாகத்தான் அழுத்தினார். தவறு என்னுடையது."

பெரியவர் அதைக் கேட்டுவிட்டு நகரவில்லை. தன் கைப்பேசியை எடுத்து யாருக்கோ அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். அதற்குள் அவருக்குப் பின்னால் வரிசை ஒன்று உருவாகியிருந்தது. அண்ணன் மேல் பழி போட்டவன், தன்னையே திட்டிக்கொண்டவள், எதுவும் கேட்க முடியாமல் வாயைத் தொட்டுக் காட்டியவர். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைக் கேட்டு, தனித்தனியாகத் தட்ட வேண்டும் என்று சாருமதி சொல்லிவிட்டாள். நந்தகோபால் ஒருமுறை எழப் பார்த்தார்.

"உக்காருங்க சார். இன்னும் ஆளு இருக்குது."

அடுத்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பேச முடியாத மகனைக் கையில் பிடித்திருந்தாள். நந்தகோபால் தட்டியதைக் கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள். பிறகு சாருமதியின் பக்கம் திரும்பி, அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"நீயும் இங்கதான வேலை செய்யற கண்ணு? இதையெல்லாம் வெளிய கொண்டாந்தது நீதானாமா. நல்லா இருப்பே." அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. சாருமதி பெரியவரைப் பார்த்தாள். அவர் கைப்பேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இவள் முதல் மாதமே வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிருந்தா இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாள். இது புரிந்ததும் இனிப்பெல்லாம் வற்றிவிட்டது.

"மூணு வருசமாத் தெரியுமுங்க," என்றாள்.

அந்த அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு நந்தகோபாலின் எதிரிலிருந்து நகர்ந்து, சாருமதிக்கு எதிரில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். பெரியவரும் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே வந்து சேர்ந்துகொண்டார். சாருமதி இன்னொரு நாற்காலியை இழுத்து, நந்தகோபாலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

இப்போது மேடைக்கு முன்னால் இரண்டு வரிசை. ஓரத்து நாற்காலியிலிருந்து பஞ்சலிங்கம் எழுந்தான். காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். நந்தகோபாலின் வரிசையைத் தாண்டினான். அவளுடைய வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.